பழைய மோட்டார்களின் பானெட்டுக்குத் தக்க பூட்டு யாது?

தாழ் என்பது வேறு. பூட்டு என்பது வேறு. கதவைத் தாழிடுவது, காற்று அதனைத் தள்ளித் திறவாமைப் பொருட்டும் ஆடு மாடு உட்புகாமைப் பொருட்டுமாம். பூட்டுவதோ மனிதர் பொருட்டு. நம் முன்னோர் இவ்விரண்டிற்கும் தனித்தனிப் பெயர் வைத்ததோடு, நாதாங்கி, கொண்டி, திறவுகோல் என உறுப்புகளுக்கும் பெயர் வைத்தனர். இவ்வேறுபாட்டை மறந்தமையால் இக்காலத்தில் விளையும் கேடு ஒன்றைப் பற்றி எழுதக் கருதுகின்றேன். நூறாண்டுக்கு முற்பட்ட உயர்தர மோட்டார் வண்டிகளைப் புதுக்குவோர் அவற்றின் பானெட்டுக்குப் பூட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றியதே அது.

கல்லூரி மலர் ஒன்றில் எழுதத் தக்க பொருள் இதுதானா என்று நகைப்பார் நகைக்கட்டும். செல்வர் வண்டியின் சிறு உறுப்பொன்றில் இரசாயனமும் இயந்திர நூலும் சரித்திரமும் ஒருங்கே கூடி நிற்பதைக் கண்டபின் வாளாவிருத்தல் எனக்கு இயலவில்லை. அன்றியும், காயல்பட்டினத்துக் கடற்கரையில் வளர்ந்தோர்க்கு இதிற் சொல்லத் தக்கது ஒன்றுண்டு. அது பின்னே வரும்.

மோட்டாரின் முன்புறத்தில் இயந்திரத்தை மூடிநிற்கும் தகட்டை ஆங்கிலேயர் பானெட் என்பர். அமெரிக்கர் ஹூட் என்பர். நம் பணிமனைகளில் வழங்குஞ் சொல் பானெட்டே. இக்காலத்து வண்டிகளில் அது ஒரே தகடாய், கண்ணாடியின் அருகே கீல் கொண்டு, முன்னிருந்து மேலெழும். 1930-களில் இவ்வமைப்புப் பரவுவதற்கு முன்னர்ச் செய்யப்பட்ட வண்டிகளில் நிலை வேறு. ரேடியேட்டரின் உச்சியிலிருந்து ஓட்டுவோன் முன்னுள்ள தடுப்பு வரையில் வண்டியின் நீளப்போக்கில் ஒரு கீல் ஓடும். அதன் இருமருங்கும் மேற்றகடு ஒவ்வொன்று. அதனின்று மற்றொரு கீலால் தொங்கும் பக்கத்தகடு ஒவ்வொன்று. ஆக நான்கு தகடுகள். பக்கத்தகட்டின் கீழ்விளிம்பு அடிச்சட்டத்தின்மேல், விளக்குத்திரிபோல் நெய்த நாடா ஒன்றின்மீது அமரும். அவ்விளிம்பைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்திற்கு இரண்டாக நான்கு பிடிகள் இருப்பதே பெரும்பான்மை வழக்கு. திறக்குங்கால் பறவை ஒருபுறச் சிறகை மட்டும் உயர்த்துவதுபோல் ஒருபுறம் மட்டும் உயரும்.

இவ்வமைப்பை உணராதார் பூட்டைத் தேர்ந்தெடுத்தல் இயலாது. இக்காலத்துப் பானெட்டு, பிடி நழுவினால், எதிர்க்காற்றால் மேலெறியப்பட்டு ஓட்டுவோன் கண்ணை மறைக்கும். ஆதலினாலன்றோ, முன்புறம் திறந்து பார்வையை மறைக்கக்கூடிய பானெட்டுக்கு இரண்டாவது பிடியொன்று வேண்டுமென அமெரிக்க அரசாங்கம் விதி செய்தது. பழைய பானெட்டின் கீலோ வண்டி செல்லும் திசையிலேயே கிடப்பது. எதிர்க்காற்று அதனை எளிதில் தூக்குவதில்லை. அதன் பகை அதிர்வு. கல்லும் குழியுமான சாலையில் மணிக்கணக்காக அதிரும்போது பிடி தளரும். தளர்ந்தால் பக்கத்தகடு படபடக்கும். படபடத்தால் வண்ணம் தேயும், நாடா கிழியும், கீலின் கம்பி நாளடைவில் வெளியே நழுவும். ஆகவே பழைய வண்டிக்கு வேண்டுவது வலிமை மிக்க பூட்டன்று. ஓயாது இறுக்கிப் பிடிக்கும் தாழ்.

அக்காலத்தார் இதனை நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் கையாண்ட பிடிகள் பல. சுருள்வில்லால் இழுக்கப்பட்டு விளிம்பிலுள்ள நாக்கைக் கவ்வும் கொக்கி ஒன்று. தகட்டினூடே சென்று உள்ளே ஒரு நாவைத் திருப்பும் கைப்பிடி மற்றொன்று. பந்தய வண்டிகளில் பானெட்டின்மேல் குறுக்கே இறுக்கிய தோல்வார் வேறொன்று. சதுரத்துளை கொண்ட சாவியால் திருப்பப்படுவது பின்னொன்று. இரயில் வண்டிக் கதவைத் திறக்கக் கார்டு கையில் வைத்திருக்கும் சாவியைக் கண்டோர் இதன் சாயலை உணர்வர். இஃது இயல்பே. மோட்டாரின் உடலைச் செய்தவர்கள் முன்னர்க் குதிரை வண்டி செய்தவர்களே. இலண்டனில் பார்க்கர், ஹூப்பர் முதலிய கம்பெனியார் அத்தகையோர். நம் சென்னையிலோ 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி கோச்சு வண்டி செய்து புகழ்பெற்றது. அதன் பணிமனையிலேதான் சாமுவேல் ஜான் கிரீன் என்பார் 1903-இல் நீராவி மோட்டார் ஒன்றைச் செய்தார். கோச்சு வண்டிக் கதவின் கைப்பிடியும் தாழும் சாவியும் மோட்டாரின் உடலிலும் புகுந்ததில் வியப்பில்லை.

முதற்காலத்து உயர்தர வண்டிகளில் சாவியிட்ட பூட்டு அரிதாயிருந்ததற்குக் காரணம் யாது? வண்டியை விட்டு அகலாத ஓட்டுநன் ஒருவன் இருந்தமையே. எசமான் விருந்துண்ணும் நேரமெல்லாம் அவன் வண்டியருகே காத்திருப்பான். அவனே நடமாடும் பூட்டு. பின்னர், செல்வர் தாமே ஓட்டத் தலைப்பட்டனர். ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி 1922-இல் வெளியிட்ட இருபது குதிரைவேகச் சிறு வண்டி, தாமே ஓட்டுவோரை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது. வண்டியைத் தெருவில் தனியே விட்டுச் செல்லும் வழக்கம் வந்தபின், மாக்னெட்டோ, கார்புரேட்டர் முதலிய விலையுயர்ந்த உறுப்புகளுக்கு அச்சம் பிறந்தது. சாவித்துளையோடு கூடிய பானெட் பிடிகளுக்கு அப்போதுதான் தேவை பெருகியது. ஆக, 1910-ஆம் ஆண்டின் வண்டிக்கும் 1928-ஆம் ஆண்டின் வண்டிக்கும் ஒரே பூட்டைப் பொருத்துதல், பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒரே சட்டை தைப்பதோடொக்கும்.

இந்நாட்டுச் சாலையில் இத்தகைய வண்டிகள் பட்ட பாட்டிற்கும் சான்றுண்டு. ரோல்ஸ்-ராய்ஸ் 40/50 வண்டியொன்று 1908-இல் பம்பாய்க்கும் கோலாப்பூருக்கும் இடையே நடந்த சோதனையோட்டத்தில் மலைக்கணவாய்களை ஏறியிறங்கி வெற்றிகொண்டது. பின் குவாலியர் மகாராஜாவை அடைந்தது. அதற்கிட்ட பெயர் ‘கீழ்நாட்டு முத்து’ என்னும் பொருள்தரும் ஆங்கிலப் பெயர். முத்துக் குளித்த கடற்கரையினராகிய நாம் அப்பெயரைக் கேட்டுச் சிறிது மகிழலாம். கணவாய் ஏறும்போது இயந்திரம் கொதித்தால் இடைவழியில் நிறுத்திப் பானெட்டின் இருபுறத்தையும் திறந்து ஆறவிடுவது அக்காலத்து ஓட்டுநர் வழக்கம். சாவி தேடிக்கொண்டிருக்க அப்போது நேரமேது?

இனி, இக்காலத்து நிலைக்கு வருவோம். நூறாண்டு கடந்த வண்டிகளைப் பேணுவோர் நம் நாட்டில் பெருகியுள்ளனர். சென்னையிலும் கோவையிலும் பழைய வண்டிகளின் அணிவகுப்புகள் நிகழ்கின்றன. கோவையில் ஜி. டி. நாயுடு அவர்களின் நினைவைப் போற்றும் அறநிலையத்தார் கார் அருங்காட்சியகம் ஒன்றை 2015-இல் திறந்தனர். மத்திய அரசு 2021-இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ஐம்பதாண்டு கடந்து மூலவடிவிலே பேணப்பட்ட வண்டிகளுக்குத் தனிப்பதிவு வகுத்தது, ‘வி. ஏ.’ என்னும் எழுத்துகள் அவற்றின் பதிவெண்ணில் வரும். புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அடிச்சட்டத்தையோ உடலையோ இயந்திரத்தையோ மாற்றிப் பெரிதும் சீர்செய்த வண்டிக்கு அவ்வுரிமை இல்லை. ஆகவே உடைமையாளர் இயந்திரத்திலும் உடலிலும் கண்ணுங் கருத்துமாயிருக்கின்றனர். பொன்னைப்போல் செலவிட்டுச் சக்கரத்தின் கம்பிகளைக்கூட மூலப்படி செய்விக்கின்றனர். இறுதியாகப் பானெட்டின் பிடி வரும்போதோ கைப்பொருளும் பொறுமையும் ஒருங்கே தீர்ந்துவிடுகின்றன. “ஏதோ ஒரு பூட்டு” என்கின்றனர்.

இவ்வாறு வந்த பூட்டுகளின் கோலத்தை என்னென்பது! பானெட்டின் விளிம்பில் துளையிட்டு நாதாங்கி முடுக்கி, அதில் பெட்டிக்கடைப் பூட்டொன்றைத் தொங்கவிட்ட வண்டியுண்டு. அஃது ஓடும்போதெல்லாம் பூட்டு ஊசலாடி வண்ணத்தைக் கொத்தும். இரும்பு அலமாரியில் வைக்கும் உருளைப் பூட்டைப் பக்கத்தகட்டில் பதித்த வண்டியுண்டு. மணப்பெண் ஊர்வலத்திற்கே தக்க பெரிய மூடுவண்டிக்குப் பந்தயக்காரனைப்போல் தோல்வார் கட்டி அழகு பார்ப்பாரும் உளர். கடைசியிற் சொன்னது வேடிக்கை, அவிழ்த்தெறிந்தால் தீர்ந்தது. முன்னிரண்டும் அவ்வாறல்ல. தகட்டிலிட்ட துளை மீளாது. ஈயம் பூசி அடைத்தாலும் அவ்விடத்தில் அதிர்வினால் விரிசல் பிறக்கும். எனவே யான் முதற்கண் வற்புறுத்துவது இது: புதுத்துளை ஒன்றும் இடற்க. வண்டியில் முன்பே உள்ள துளைகளை ஆராய்க. ஒருபக்கம் நீண்டு தேய்ந்த திருகுதுளை, வில் இழுத்த திசையைக் காட்டும். வண்ணம் மங்காது நின்ற தடம், பிடியின் உருவத்தைக் காட்டும். அடிச்சட்டத்தில் பதிந்த வடு, கொக்கி விழுந்த இடத்தைக் காட்டும். கல்வெட்டுப் படிப்பார்க்குச் சிதைந்த எழுத்து எவ்வாறோ அவ்வாறே இவையும்.

அடுத்து, உலோகமும் மெருகும் காலத்தோடு பொருந்துதல் வேண்டும். 1920-களின் இறுதிக்கு முன்னர் மோட்டார்களில் பளபளத்தது பித்தளை, அல்லது நிக்கல் பூச்சு, அல்லது ஜெர்மன் சில்வர் என்னும் கலவை. இக்கலவையில் வெள்ளி அணுவளவும் இல்லை. செம்பும் துத்தநாகமும் நிக்கலுமே உண்டு. குரோமியப் பூச்சு அதன் பின்னரே பரவியது. நிக்கலின் ஒளி சற்று மஞ்சள் கலந்து அடங்கியது; குரோமியத்தின் ஒளி நீலம் பாய்ந்து கண்ணைக் குத்துவது. 1912-ஆம் ஆண்டு வண்டியில் குரோமியப் பிடியைக் காண்பது, சங்ககாலப் பாணன் மூக்குக்கண்ணாடி அணிந்து மேடையேறியதைக் காண்பது போன்றதே. பழைய நாடகக் கொட்டகைகளில் அத்தகைய காட்சியைக் கண்டு சிரித்தோர் முதியோருள் உளராகலாம்.

இவை அழகையும் சரித்திரத்தையும் பற்றியவை. உயிரைப் பற்றியது ஒன்றுண்டு, அது தீ. பழைய இயந்திரம் பின்வெடித்தால் கார்புரேட்டரிலுள்ள பெட்ரோல் பற்றிக்கொள்ளுதல் கூடும். அப்போது செய்யத்தக்கது பெட்ரோல் வழியை அடைத்து, பானெட்டின் பக்கத்தைத் திறந்து, தீயணைப்பானைச் செலுத்துதல். ஓட்டுவோன் வண்டியை விட்டு இறங்கு முன்னர், வழியிற் செல்வான் ஒருவன் ஓடிவந்து திறக்கவேண்டியும் நேரலாம். அவன் கைக்குப் பானெட்டு இணங்க வேண்டும். சாவியால் மட்டுமே திறக்கும் பூட்டு நான்கு புறமும் பூண்ட வண்டி அந்நேரத்தில் எரியும் பெட்டகமே. திருடனை எண்ணிப் பூட்டிட்டவன் தீயை எண்ணவில்லை.

அப்படியாயின் சாவியே வேண்டாவோ என்பார்க்கு என் விடை: வேண்டும், ஆயின் அடங்கி நிற்க வேண்டும். பக்கத்திற்கு இரண்டாகவுள்ள பிடிகளில் ஒன்று வெறுந்தாழாக, கையால் இழுத்தவுடன் விடுபடுவதாக இருக்கட்டும். மற்றொன்றே சாவித்துளையோடு கூடியது. அதுவும் சாவி திருப்பாதபோது வெறுந்தாழாகவே வேலை செய்ய வேண்டும். வண்டி நிற்கும்போது சாவியைத் திருப்புக. ஓடத் தொடங்குமுன் சாவியை மீட்டுக்கொள்க. பூட்டிய நிலை, பூட்டாத நிலை ஆகிய இரண்டிலும் சாவியை உருவ இயலும்படியான பூட்டையே இதற்குத் தேர்தல் வேண்டும். பூட்டிய நிலையில் மட்டுமே சாவியை விடும் பூட்டுகள் சில உள. அவை பணப்பெட்டிக்குத் தக்கவை, பானெட்டுக்கு ஆகா. மூலத்திலே சாவியில்லாத மிகப் பழைய வண்டியாயின், பானெட்டைப் பூட்டவே வேண்டா. வண்டி நிற்கும் கொட்டகையைப் பூட்டுக.

இனி எம்மூர்க் கடற்காற்று. காயல்பட்டினத்தின் ஒருபுறம் மன்னார் வளைகுடா. அண்மையில் ஆறுமுகநேரி உப்பளங்கள். தெற்கேயும் மேற்கேயும் செம்மணல் தேரிகள். இவற்றின் நடுவே இரும்பு பிழைப்பது அரிது. சன்னற் கம்பியைத் தொட்டால் துரு கையோடு வரும். அதனினும் நுட்பமான கேடொன்றுண்டு. உயர்தர வண்டிகளின் பானெட்டு பெரும்பாலும் அலுமினியத் தகட்டாலானது, பிடியோ பித்தளை. வேற்று உலோகம் இரண்டு தொட்டுக்கொண்டு நிற்க, அவற்றிடையே உப்புநீர் ஒரு துளி புகுமாயின், அஃதொரு மின்கலமாகிவிடுகின்றது. பௌதிக ஆய்வுக்கூடத்தில் வோல்ட்டாவின் கலத்தைச் செய்து பார்த்த மாணாக்கர் இதனை எளிதில் உணர்வர். அவ்விரண்டனுள் அழிவது அலுமினியம். பித்தளைப் பிடி பளபளவென்று நிற்க, அதன் அடியில் தகடு வெண்பொடியாய் உதிரும். மேலே நோக்குவார்க்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் திருகு தானே கழன்றுவிழும்.

இதற்கு மருந்து கடினமன்று. பிடிக்கும் தகட்டிற்கும் நடுவே எண்ணெய் ஊட்டிய தோலோ நார்த்தகடோ வைத்து ஒன்றையொன்று தொடாமற் செய்தல். திருகின் தண்டிற்கும் அவ்வாறே உறையிடுதல். கடற்கரைப் பயணம் முடிந்தவுடன் நன்னீரால் துடைத்தல். விளிம்பின் நாடாவைக் கழற்றி வெயிலில் உலர்த்துதல். இவ்வளவே. கொக்கியின் சுருள்வில் எஃகாயின் இக்கரையில் நெடுநாள் நில்லாது. பாஸ்பர் வெண்கலக் கம்பியாற் சுருட்டிய வில் துருவேறாது. பூட்டினுள் தேங்காயெண்ணெய் விடும் வழக்கம் நம்மூர்களில் உண்டு. அது வேண்டா. தேரி மணல் மேல்காற்றில் நுண்பொடியாய்ப் பறந்துவந்து அவ்வெண்ணெயில் ஒட்டிக் களிம்பாகும். பென்சிற் கரியைப்போன்ற காரீயப்பொடியே பூட்டிற்குத் தக்கது.

மணல் பூட்டின் வகையையும் தீர்மானிக்கின்றது. அமெரிக்கராகிய லைனஸ் யேல் 1860-களில் காப்புரிமை பெற்ற உருளைப் பூட்டில், ஊசிபோன்ற சிறு முளைகள் ஒன்றன்மேலொன்றாய் நின்று, அவற்றின் பின்னே மயிரிழை போன்ற விற்கள் நிற்கும். நுட்பமான வேலையே, ஆயின் உப்பும் மணலும் அத்துளைகளில் புகுந்தால் முளை சிக்கிக்கொள்ளும். லீவர் பூட்டிலோ தட்டையான தகடுகள் வரிசையாக நின்று, சாவியின் பல்லுக்கேற்ப உயர்ந்து, நாவுக்கு வழிவிடும். அதில் இடைவெளி பெரிது. மணல் சிறிது புகினும் வேலை நில்லாது. பிரித்துத் துடைத்து மீண்டும் பூட்டவும் எளிது. ஒரு குறை உண்டு: லீவரின் வில் தளர்ந்திருந்தால் அதிர்வில் தகடு துள்ளும். ஆதலின் வில்லைச் சற்று வலிதாக அமைக்கச் சொல்ல வேண்டும்.

லீவர் பூட்டு என்றவுடன் தமிழர் நெஞ்சில் தோன்றும் ஊர் ஒன்றே. அதைப் பற்றிக் கூறுமுன் குதிரையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, காயில் என்னும் துறையைச் சிறப்பித்து எழுதினார். ஓர்மசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்தன என்பது அவர் கூற்று. அத்துறை தாமிரபரணிக் கழிமுகத்துப் பழைய காயலே என்பது கால்டுவெல் அத்தியட்சர் துணிபு. காயல்பட்டினமே என்பாரும் உளர். அவ்வழக்கை ஈண்டுத் தீர்க்கப் புகவில்லை. எத்துறையாயினும் இக்கரையே. பாண்டிய மன்னர் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொன் கொடுத்து வாங்கியும், ஆண்டு முடிவில் 100 குதிரைகூட உயிரோடிருப்பதில்லை என்று மார்க்கோ போலோ எழுதுகின்றார். காரணமும் கூறுகின்றார்: குதிரையைப் பேணவும் லாடங்கட்டவும் அறிந்தோர் இந்நாட்டில் இல்லை, குதிரை வணிகர் அத்தொழிலாளரைத் தம்மோடு அழைத்து வாராததோடு, பிறர் வருவதையும் தடுத்தனர், குதிரை மடிந்தால் மறுஆண்டும் விற்கலாமன்றோ? வேற்று நாட்டான் கூற்றில் மிகையிருக்கலாம். ஆயினும் அதனுள் ஓர் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகின்றது. குதிரையை வாங்கினோம், லாடங்கட்டுவானை வளர்த்தோமல்லோம்.

அதே கதை இன்று மோட்டாரில் நிகழ்கின்றது. பழைய வண்டியொன்றின் பிடி ஒடிந்தால், இங்கிலாந்திலிருந்து படிப்பொருளை வரவழைப்பதே வழி என எண்ணுகின்றனர். விலையும் சுங்கமும் கப்பற்கூலியும் கொடுத்து மாதக்கணக்கிற் காத்திருக்கின்றனர். வந்த பொருள் வேறோராண்டு வண்டிக்குரியதாகிப் பொருந்தாதுபோவதும் உண்டு. அப்போது பொறுமையிழந்து, முற்கூறிய பெட்டிக்கடைப் பூட்டைத் தொங்கவிடுகின்றனர். இவ்விரு கோடிகளுக்கும் நடுவே திண்டுக்கல் என்றொரு ஊர் இருப்பதை ஏனோ மறந்தனர்.

திண்டுக்கல்லிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் கையாற் செய்யும் பூட்டுகள் தமிழ்நாடெங்கும் பெயர்பெற்றவை. மாங்காய்ப் பூட்டைப் பாட்டி வீட்டிற் காணாதார் யார்? வேற்றுச் சாவியை இட்டால் அதனை உள்ளே பிடித்துக்கொண்டு விடாத தந்திரப் பூட்டும், திறக்கும்போது மணியடிக்கும் பூட்டும் அங்கே செய்தனர். லீவரை அரத்தால் அராவி ஒவ்வொரு பூட்டிற்கும் தனிச்சாவி செய்வது அவர்கள் முறை. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்த காலத்திலேயே அத்தொழில் நலிந்திருந்தது. அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டின் விலைக்கு முன் கைவேலைப் பூட்டு நிற்க இயலவில்லை. தந்தை செய்த தொழிலை மைந்தர் பலர் கைக்கொள்ளவில்லை. பத்தாயிரம் பூட்டை ஒரே அச்சில் வார்க்கும் போட்டியில் அவர்கள் வெல்லப்போவதில்லை. ஒரே ஒரு பூட்டை, ஒரே ஒரு வண்டிக்காக, அளவெடுத்துச் செய்யும் வேலையிலோ அவர்களுக்கு நிகராவார் அரியர். பழைய மோட்டாருக்கு வேண்டுவதும் அவ்வேலைதானே!

தொங்குபூட்டுச் செய்வார்க்குப் பானெட் பூட்டுத் தெரியுமோ என ஐயுறுவார் உளர். மேசையறைப் பூட்டு அவர்கள் நெடுங்காலமாகச் செய்வது. சாவி திரும்ப ஒரு நாக்கு வெளிவந்து எதிர்த்துளையில் நுழைவதே இரண்டின் இயல்பும். வேறுபாடு உறையின் வடிவிலும் வில்லின் வலியிலுமே. உறையையும் கைப்பிடியையும் வார்க்க வேண்டுமாயின், சுவாமிமலையில் மெழுகுக் கருவிலிருந்து திருமேனி வார்க்கும் ஸ்தபதிகளும், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் கன்னாரும் உளர். பிடியொன்று எஞ்சியிருந்தால் அதனையே மாதிரியாகக் கொள்ளலாம். ஆயின் இங்கே ஒரு நுட்பம்: உருகிய பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு சுருங்கும். பழைய பிடியை அப்படியே அச்செடுத்து வார்த்தால், பிறக்கும் பிடி அந்த அளவு சிறுத்திருக்கும். அதனை மீண்டும் மாதிரியாக்கினால் இன்னும் சிறுக்கும். வெளியூரிலிருந்து வரும் படிகள் சில பொருந்தாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். எனவே அளவை வரைபடத்திற் குறித்து, சுருக்கத்திற்கு இடங்கொடுத்துப் பெரிதாக மாதிரி செய்விக்க வேண்டும்.

திருகுகளைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கில வண்டிகளின் மரை அங்குலக் கணக்கிலும், பிரெஞ்சு வண்டிகளின் மரை மில்லிமீட்டர்க் கணக்கிலும் அமைந்தவை. கைக்கு அகப்பட்ட திருகை அழுத்தித் திருகினால் முதல் இரண்டு சுற்று ஏறும். மூன்றாவதில் பழைய மரை அழியும். மரையளக்கும் கருவியொன்று சிறு விலைக்குக் கிடைக்கும். அதனை வாங்காமல் பெருவிலை வண்டியைத் தொடுதல் தகாது.

இவ்வளவும் சிலரது ஆடம்பரத்திற்காகவோ என்ற வினா எஞ்சுகின்றது. ஏழையர் மலிந்த நாட்டில் மகாராஜாக்களின் வண்டியைப் பேணுதற்கு ஏன் இத்துணைப் பேச்சு என்று நம் மாணாக்கருள் சிலர் கேட்பர், கேட்பதும் நேரிதே. அவ்வண்டிகளைப் பேணுவது எவ்வகையாலும் நிகழத்தான் போகின்றது. உடைமையாளர் செலவிடத்தான் போகின்றனர். அப்பணம் சுங்கச்சாவடி கடந்து வெளியே செல்வதா, திண்டுக்கல் வீதியொன்றில் அரம் பிடித்திருக்கும் முதியவர் கைக்குச் செல்வதா என்பதே வினா. அவரிடம் வேலை சென்றால் அவர் பக்கத்தில் இளைஞனொருவன் அமர்வான். கற்றுக்கொடுக்க வேலை வேண்டும். வேலையின்றி எத்தொழிலையும் யாரும் கற்பித்ததில்லை.

நம் கல்லூரியாரும் இதிற் செய்யத்தக்கது உண்டு. பௌதிகம் பயிலும் மாணாக்கர் விடுமுறையிற் கோவைக்குச் செல்ல நேர்ந்தால், அருங்காட்சியக வண்டிகளின் விளக்கையும் பொம்மையையும் கண்டு வியந்து திரும்பாமல், பானெட்டின் கீழ்விளிம்பருகே குனிந்து நோக்குக. உரிமையாளர் இசைந்தால் அளவெடுத்து வரைக: நாவின் நீளம், வில்லின் கம்பித் தடிப்பு, சுற்றுகளின் எண்ணிக்கை, திருகுதுளைகளின் இடைவெளி, கீழ்விளிம்பிலிருந்து பிடியின் உயரம். வண்டியின் பெயரையும் ஆண்டையும் அடிச்சட்ட எண்ணையும் அதன்கீழ்க் குறிக்க. இத்தகைய வரைபடம் இருபது சேர்ந்தாலே பூட்டுச் செய்வார்க்கு அது பெருந்துணை. ஆங்கிலம் அறியாத கைவினைஞர்க்கு உறுப்புகளின் பெயரைத் தாழ், நாதாங்கி, கொண்டி எனத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

சாவியைப் பற்றி இறுதியாக: பூட்டொன்றிற்குச் சாவி இரண்டு செய்விக்க. ஒன்று ஓட்டுவோனிடம் இருக்கட்டும். மற்றொன்றை வண்டியினுள்ளே மறைத்துவைக்கும் வழக்கத்தை விட்டு, வீட்டில் வண்டியின் பதிவுத்தாளோடு வைக்க. நான்கு பிடிகளிற் பூட்டுள்ளவை இரண்டாயின் இரண்டிற்கும் ஒரே சாவி பொருந்துமாறு லீவரை அராவித்தரும்படி கேட்டால், திண்டுக்கல்லில் மறுப்பார் இல்லை.